பொறவு சொல்லுதோம்

திரை உடைந்த டேப்லட் ஒன்று
வண்ணார்பேட்டைக் கடைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை.
கண்ணாடி மாற்றினேன்.
தொட்டால் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான்
அந்த விளையாட்டைத் திறந்தேன்.
இதை நம்பாதவர்கள்
மேற்கொண்டு வாசிக்க வேண்டாம்.

ஏதோ ஒரு மழை ஊர். அங்கே ரயில் நிலையத்தில்
தொலைந்த பொருள் அறைக்கு நீங்கள் குமாஸ்தா.
தேடி ஆள் வராத ஏழு குடைகள்.
ஒன்றைக் காதலித்து
மழைக்காலம் முடியுமுன் கைப்பிடிக்க வேண்டும்.
(கைப்பிடி என்ற சொல்லை வைத்தே
பதினாறு சிலேடை. தமிழில் போட்டவர் வாழ்க.)

மஞ்சள் குடை தும்மினால் விரியும்.
பூப்போட்ட குடைக்கு மூன்று முன்னாள் காதலர்கள்,
மூவரும் மழைக்கோட்டுகள்.
மடக்குக் குடை கோபம் வந்தால் பைக்குள் போய்
இரண்டு நாள் பேசாது.
சிரித்தேன், மறுக்கவில்லை.
சால்டரிங் கம்பி மேசையைச் சுட்டு
வாடை வரும்வரை சிரித்தேன்.

பக்கத்து ஜெராக்ஸ் கடை ஜெபசிங் எட்டிப் பார்த்தான்.
'என்னவே இது, கோட்டித்தனமா இருக்கு?'
என்றவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ராத்திரி பத்தரை வரை விளையாடினான்.
அவன் தீர்ப்பு: முதல் ஒரு மணி நேரம்தான் ருசி,
அப்புறம் ஆறிப்போன சொதி.

டீ கொண்டுவந்த மைதீன் பிச்சைக்கு வேறு வருத்தம்.
'ஏழு குடையில ஒண்ணக்கூட
வெயிலுக்குப் பிடிக்கலியே அண்ணாச்சி.
நம்மூர்ல மழைக்கா குடை வாங்குதாவ?'
இதற்கு மேல் ஒரு விமர்சனத்தை
நான் கேட்டதில்லை.
பகல் பன்னிரண்டுக்கு
முருகன்குறிச்சி தாண்டி நடந்த எவரும்
இதன் கீழே கையெழுத்துப் போடுவார்கள்.

என் குறை வேறு.
எந்தக் குடையிடம் என்ன கேட்டாலும் மூன்றே பதில்:
சம்மதம், மறுப்பு, ஒரு கடி ஜோக்.
முப்பத்தாறு வயதில் சொல்கிறேன்,
நாலாவது ஒன்று இருக்கிறது.
சுரண்டையில் கேசரி தின்று கேட்டிருக்கிறேன்,
அம்பாசமுத்திரத்தில் வாழைக்காய் பஜ்ஜியோடு,
சாத்தான்குளத்தில்
தட்டைக் கீழே வைக்கவும் விடவில்லை.
பெண்ணின் மாமா வாசல்வரை கூட வந்து
நான் செருப்பைத் தேடும் நேரம் பார்த்துச் சொல்வார்:
'பொறவு சொல்லுதோம்.'

அந்தப் பொறவு
எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.
ஜாதக நகல் மட்டும் ஏழாம் மாதம் திரும்பி வரும்,
மூலையில் தடவிய மஞ்சள்கூட அழியாமல்.
அந்த நாலாவது பொத்தான் இல்லாத விளையாட்டு
எங்கள் ஜில்லாவில் எப்படி எடுபடும்?

இருந்தும் புதன் இரவு
மஞ்சள் குடையைக் கைப்பிடித்துவிட்டேன்.
மேளத்துக்குப் பதில் தகரக் கூரையில் மழை.
திரை முழுக்க ஈரக் காகிதப் பூ விழுந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வந்தாள் கோமதிநாச்சியார்.
தச்சநல்லூர், மின்வாரியக் கணக்குப் பிரிவு.
புதுக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள்.
இரண்டு தட்டு தட்டினாள். அப்புறம்
தெருவே திரும்பிப் பார்க்கக் கேட்டாள்:
'யாருவே எங் குடைக்குப் பதிலா
இந்தத் தும்மல்காரியக் கட்டிவச்சது?'

அவளுடையது கறுப்புக் குடையாம்.
ஒரு கம்பி ஒடிந்தது, எப்படிப் பேசினாலும் மறுக்கும்.
விளையாட்டில் பழுது என்றல்லவா
அதை நான் குறித்து வைத்திருந்தேன்!
நாற்பத்தொரு நாளாகக் கேட்டிருக்கிறாள்.
நாற்பத்தொரு நாளும் வேறு வேறு காரணம்:
'இன்று என் நிழலுக்கு உடம்பு சரியில்லை.'
'நனையாத ஆளுக்கு நான் எதற்கு?'

'செயிக்கதுக்கா வெளையாடுதாவ?
எப்பிடி முடியாதுன்னு சொல்லுதுன்னு பாக்கத்தான்.
எனக்கு அப்பிடிச் சொல்லத் தெரியாமத்தான்
ரெண்டு வருசம் ஒருத்தங்கூட...'
நிறுத்திக்கொண்டு, பில் எவ்வளவு என்றாள்.

பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின் சத்தம் நின்றிருந்தது.
பத்துக்கு ஐந்தரை என்று
நேற்றே நான் போட்டு வைத்திருந்த மதிப்பெண்
பில் புத்தகத்தின் பின்னட்டையில் கிடந்தது.
ஆயிரத்து இருநூறில் எழுநூறு எண்ணி வைத்தாள்.
'மிச்சம்?' என்றேன்.
டேப்லட்டைப் பைக்குள் போட்டபடியே
குடையில்லாமல் வெயிலுக்குள் இறங்கிவிட்டாள்.

'பொறவு தாறேன்.'